இருவர் வீட்டுக்கு ஸ்லோ குக்கர்: எத்தனை லிட்டர், எந்தச் சமையலுக்கு?

கேள்வியை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் கணவன் மனைவி இருவர் மட்டும். காலை ஏழரைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் வீடு. ஊரிலிருந்து கொண்டுவந்த பிரஷர் குக்கர் கையில் இருக்கிறது. கூடவே ஸ்லோ குக்கர் ஒன்று வாங்கலாமா, வாங்கினால் 1.5 லிட்டரா, 3.5 லிட்டரா, 6 லிட்டரா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் ராஜ்மா வேகவைத்தால் விஷம் என்று யாரோ சொன்னதையும் சேர்த்திருக்கிறீர்கள். இதில் லிட்டர் கணக்கு சுலபமான பகுதி. நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: ஆள் இல்லாத வீட்டில் 11 மணி நேரம் ஒரு சட்டியைச் சூட்டில் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அதில் இருப்பது நம் நாக்குக்கு ஏற்ற குழம்பாக இருக்குமா, வயிற்றைக் கெடுக்காமல் இருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லலாம். ஆனால் வேகவைப்பதை மட்டும்தான் அது பார்த்துக்கொள்ளும்; வதக்குவதும் சுண்டவைப்பதும் உங்கள் கையில்தான்.

ஏன் அப்படி என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளிக்கூட்டின் சுவரை ஒட்டிச் சூடேற்றும் கம்பி சுற்றியிருக்கும். அதற்குள் கனமான பீங்கான் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி. 3.5 லிட்டர் குக்கர் ஒன்று ஹையில் வைத்தால் 200 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். கெட்டில் இழுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. திருகும் குமிழ் வைத்த எளிய மாடல்கள் பலவற்றில், சூட்டைப் பார்த்துக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டே கிடையாது. உள்ளே ஏறும் சூடும் சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் வெளியேறும் சூடும் சமமாகும் இடத்தில் வெப்பம் நின்றுவிடும். அந்த இடம் கொதிநிலையை ஒட்டி அமைகிற மாதிரி வாட் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். அதனால் லோ என்றால் குறைந்த வெப்பத்தில் சமைக்கும், ஹை என்றால் கூடுதல் வெப்பத்தில் சமைக்கும் என்று நினைப்பது முழுக்கச் சரியில்லை. பெரும்பாலான மாடல்களில் இரண்டும் போய்ச் சேர்வது ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான். ஹை 3, 4 மணி நேரத்தில் போகும். லோ 7, 8 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஹையில் ஒரு மணி நேரம் என்பது லோவில் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் எந்தச் செய்முறையையும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சாதனம் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. அமெரிக்கரான இர்விங் நாக்ஸன் 1940-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை மாலையே பீன்ஸும் இறைச்சியும் போட்ட சட்டியை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு, மிச்சச் சூட்டில் வெந்ததை மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்கள். லித்துவேனியாவில் நடந்த அந்த வழக்கத்தை அவருடைய அம்மா சொல்லக் கேட்டுச் செய்த பெட்டிதான் இது. 1971-ல் கிராக்-பாட் என்ற பெயரில் ரைவல் நிறுவனம் விற்கத் தொடங்கிய பிறகுதான் வீடுகளில் பரவியது. அணையப்போகும் விறகடுப்பின் தணலில் ஆட்டுக்கால் சட்டியை ராத்திரி முழுக்க விட்டுவைப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

சரி, இதனால் முடியாதவை எவை? முதலாவது, நிறம் ஏறாது. வெங்காயம் பொன்னிறமாவதற்கும் கறி சிவந்து வருவதற்கும் 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஈரத்தோடு இருக்கும் சட்டிக்குள் 100 டிகிரியைத் தாண்ட வழியே இல்லை. எல்லாவற்றையும் பச்சையாக அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போகும் செய்முறைகளை இணையத்தில் நிறையப் பார்ப்பீர்கள். நம் குழம்புக்கு அது ஒத்துவராது. 8 மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் இஞ்சி பூண்டின் பச்சை வாசனையும் மிளகாய்த்தூளின் காரலும் அப்படியே முகத்தில் அடிக்கும். எண்ணெயில் வதங்காத மசாலா எத்தனை மணி நேரம் வெந்தாலும் வதங்கிய மசாலா ஆகாது. இரண்டாவது, நீர் வற்றாது. ஆவி மூடியில் பட்டு மறுபடி உள்ளேயே சொட்டும். வெங்காயமும் தக்காளியும் கறியும் விடும் தண்ணீர் எல்லாம் உள்ளேயே நிற்கும். அதனால் அடுப்பில் ஊற்றும் தண்ணீரில் பாதி போதும். அடுப்புக் கணக்கில் ஊற்றியவர்கள்தான் ‘சப்பென்று ரசம் மாதிரி இருந்தது’ என்று ஒரே தடவையில் குக்கரைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

பிரஷர் குக்கர் இருக்கும்போது இது எதற்கு என்பது நியாயமான சந்தேகம். விசில் குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி வரை போகும். இங்கே 100-க்குக் கீழே. துவரம்பருப்பு அங்கே கால் மணியில் மசிந்துவிடும். இங்கே 6 மணி நேரம் ஆனாலும் பருப்பு பருப்பாகத்தான் நிற்கும், மத்தால் கடைய வேண்டியிருக்கும். சாம்பார், சாதம், காய் வேகவைப்பது எல்லாவற்றுக்கும் பிரஷர் குக்கரே போதும். அதற்காக ஸ்லோ குக்கர் வாங்காதீர்கள். கரண்ட் செலவைப் பார்த்தாலும் இதில் பெரிய லாபம் இல்லை. லோவில் 8 மணி நேரம் ஓடினால் சுமார் 1 யூனிட். மின் ஓவனில் இரண்டு மணி நேரம் வேகவைப்பதைவிட அது குறைவு. ஆனால் விசில் குக்கரை அரை மணி நேரம் அடுப்பில் வைப்பதைவிட அதிகம். இதில் கிடைக்கும் லாபம் வேறு. எலும்போடு இருக்கும் ஆட்டுக்கறி, ஆட்டுக்கால், மாட்டுக்கறி, நாட்டுக்கோழி மாதிரி கெட்டியான கறிகளில் உள்ள சவ்வு, மெதுவான சூட்டில் பல மணி நேரம் கிடந்து ஜெலட்டினாகக் கரையும். நார் நாராகப் பிய்ந்து போகாமல், அதே சமயம் எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். குழம்பும் உதட்டில் ஒட்டுகிற மாதிரி ஒரு கொழகொழப்போடு இருக்கும். எலும்பு சூப், முழு உளுந்து, கொண்டைக்கடலை, கொள்ளு, அரிசிக் கஞ்சி, ஓட்ஸ் கஞ்சி, குழைந்த வெண்பொங்கல் இவையும் நன்றாக வரும். மீன், கீரை, வெண்டைக்காய், கத்தரிக்காய், உதிரியான சாதம் இவற்றை இதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கோழியின் நெஞ்சுக்கறியும் அப்படித்தான். 8 மணி நேரத்தில் பஞ்சு மாதிரி உலர்ந்துவிடும். எலும்போடு தொடைக்கறி என்றால் லோவில் 4 முதல் 5 மணி நேரம். நீங்கள் வெளியே இருக்கும் 11 மணி நேரத்துக்கு அதுவும் பொருந்தாது. ஆகவே வார நாளில் ஆட்டுக்கறியும் கடலையும், வீட்டில் இருக்கும் நாளில் கோழி என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாதம் மூன்று நான்கு தடவைகூட இந்த வகைச் சமையல் செய்யமாட்டீர்கள் என்றால், பணத்தை மிச்சம் பிடியுங்கள் என்பதே என் யோசனை.

இப்போது லிட்டர். கடைக்காரர்கள் தலைக்கணக்கு சொல்வார்கள்: 1.5 லிட்டர் என்றால் இருவருக்கு, 3.5 என்றால் மூன்று நான்கு பேருக்கு, 6 என்றால் குடும்பத்துக்கு. அந்தக் கணக்கை மறந்துவிட்டு, நீங்கள் வழக்கமாக வைக்கும் குழம்பு பாத்திரத்தில் பாதிக்கு மேல் வருமா என்று மட்டும் பாருங்கள். பக்கச் சுவரிலிருந்து சூடு வருவதால் பாதியிலிருந்து முக்கால்வரை நிரம்பியிருந்தால்தான் சொன்ன நேரத்துக்குச் சொன்ன மாதிரி வேகும். கால்வாசி மட்டும் போட்டால் ஓரம் கருகி ஒட்டிக்கொள்ளும், கறி சீக்கிரமே வறண்டுவிடும். கழுத்துவரை நிரப்பினாலோ சூடேற வெகுநேரம் ஆகும். கறி பாதுகாப்பில்லாத வெதுவெதுப்பில் கிடக்கும் நேரமும் நீளும். இன்னொன்று: பெட்டியில் எழுதியிருப்பது விளிம்புவரை ஊற்றினால் கொள்ளும் அளவு. 3.5 லிட்டர் என்று விற்பதில் சமைக்கக்கூடிய அளவு இரண்டரை லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். சில நிறுவனங்கள் இதைப் பொடி எழுத்தில் போட்டிருக்கும். இருவர், இரண்டு வேளைக்கு என்று வைத்தால் குழம்பின் மொத்த அளவு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரும். அதற்கு 3.5 லிட்டர்தான் சரி. 1.5 லிட்டர் குக்கரில் அரைக்கிலோ கறியும் இரண்டு உருளைக்கிழங்கும் போட்டதும் இடம் தீர்ந்துவிடும். கஞ்சிக்கும் சூப்புக்கும் மட்டும் என்றால் அது போதும். 6 லிட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், ஒவ்வொரு தடவையும் மூன்று லிட்டராவது சமைத்தாக வேண்டும்.

உங்கள் 11 மணி நேரத்துக்கு, நேரம் முடிந்ததும் தானாக வார்முக்கு, அதாவது சமைக்காமல் சூட்டை மட்டும் காக்கும் நிலைக்கு, மாறும் டிஜிட்டல் மாடல் அவசியம். லோவில் 8 மணி நேரம், பிறகு வார்மில் 3 மணி நேரம் என்றால் சரியாகப் பொருந்தும். வார்ம் 4 மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ருசியும் கெடும், ஓரமும் காயும். குமிழ் மாடலை டைமர் பிளக்கில் மாட்டி மதியம் 3 மணிக்கு அணையும்படி வைப்பது ஆபத்தான சிக்கனம். 3 முதல் 6.30 வரை குழம்பு மெல்ல ஆறிக்கொண்டே இருக்கும், கிருமி பெருகுவதற்கு அதுதான் தோதான சூடு. மாறாகக் காலையில் பச்சைக் கறியைப் போட்டுவிட்டு மதியம் ஓடத் தொடங்கும்படி வைக்கும் வசதியும் சில மாடல்களில் உண்டு. கறிக்கு அதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. குமிழ் மாடலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். டிஜிட்டல் மாடல்கள் பல அணைந்தே கிடக்கும். கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்கு யாராவது கொண்டுபோவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

உள்பாத்திரம் பீங்கானா உலோகமா என்பது அடுத்த கேள்வி. பீங்கான் சூட்டைச் சீராகப் பிடித்துவைக்கும். ஆனால் கனம், அடுப்பில் வைக்க முடியாது, திடீர் சூடு குளிர்ச்சிக்கு விரிசல் விடும். நான்-ஸ்டிக் பூசிய உலோகப் பாத்திரம் வரும் மாடல்களில், அடுப்பில் வைக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தால், அதே பாத்திரத்தில் தாளித்து வதக்கி அப்படியே கூட்டுக்குள் இறக்கிவிடலாம். நம் சமையலுக்கு இது பெரிய சௌகரியம். விலை சற்றுக் கூடினாலும் இருவர் வீட்டுக்கு இதைத்தான் முதலில் தேடச் சொல்வேன். உங்களுடையது இண்டக்‌ஷன் அடுப்பு என்றால், அதில் ஏறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரம் பல சமயம் ஏறாது. முட்டை வடிவம், வட்ட வடிவம் என்பதெல்லாம் முழுக்கோழி வைப்பவர்களின் கவலை. பிரஷர் குக்கரும் ஸ்லோ குக்கரும் சேர்ந்த ஒரே மின்குக்கரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அவற்றில் சூடு அடியிலிருந்து மட்டும் வரும், ஸ்லோ குக் பகுதி பல மாடல்களில் மந்தமாக இருக்கும். வாங்கியே ஆக வேண்டும் என்றால், கடைசியில் சொல்லும் தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிட்டு நம்புங்கள்.

அளவு புரிவதற்காக ஓர் ஆட்டுக்கறிக் குழம்பை முழுதாகச் சொல்கிறேன், 3.5 லிட்டர் பாத்திரத்துக்கு. எலும்போடு தோள்கறி 800 கிராம், நாலு சென்டிமீட்டர் துண்டுகள். உருளைக்கிழங்கு 250 கிராம், சின்ன வெங்காயம் 200, தக்காளி 150, வெந்நீர் 300 மில்லி. கூட்டிப் பார்த்தால் 1.7 லிட்டரை ஒட்டி வரும், பாத்திரத்தில் பாதி. முந்தைய இரவே மசாலாவை முடித்துவிடுங்கள். மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் சோம்பு ஒரு டீஸ்பூன், சிறிய பட்டை ஒன்று, கிராம்பு இரண்டு. வழக்கமாகப் போடும் பட்டை கிராம்பில் பாதி போதும், 8 மணி நேரம் ஊறினால் அது மட்டும்தான் தெரியும். வெங்காயம் சிவக்க வதங்கியதும் இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, பச்சை வாசனை போனதும் தக்காளி. அது கரைந்ததும் மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், மல்லித்தூள் மூன்று மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன். ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை விடாமல் கிளறி, ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். கறியை மட்டும் இரவே லேசாக வதக்கி எடுத்துவைக்கும் வேலை வேண்டாம். அரைவேக்காட்டுக் கறி ராத்திரி முழுக்கக் காத்திருப்பது நல்லதல்ல. பச்சையாகவே வேறு டப்பாவில் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

காலையில் மசாலாவோடு வெந்நீர் சேர்த்து அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்டு, கறியையும் அதிலேயே போட்டு ஐந்து நிமிடம் பிரட்டுங்கள். சூடாக உள்ளே போகும் குழம்பு, குக்கருக்கு முதல் இரண்டு மணி நேர வேலையை மிச்சம் பிடிக்கும். கறியும் சீக்கிரம் பாதுகாப்பான சூட்டுக்கு ஏறிவிடும். பீங்கான் பாத்திரமாக இருந்தால் முதலில் குழாய் வெந்நீரை ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, அப்புறம் குழம்பை மாற்றுங்கள். உருளைக்கிழங்கு அடியிலும் சுவர் ஓரத்திலும், கறி அதற்கு மேலே. வியப்பாக இருக்கலாம், இதில் கறியைவிடக் கிழங்குதான் தாமதமாக வேகும். சவ்வு 70 டிகிரிக்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். காய்களைக் கட்டிவைத்திருக்கும் பெக்டின் இளக 85 டிகிரியாவது வேண்டும். கறி வெந்து கிழங்கு நறுக்கென்று இருந்தது என்ற புகாருக்குக் காரணம் இதுதான். கிழங்கையும் காரட்டையும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். லாம்ப் (இளம் செம்மறிக்கறி) என்றால் லோவில் 6 முதல் 7 மணி நேரம் போதும். முற்றிய மட்டனோ வெள்ளாட்டுக்கறியோ என்றால் 8 முதல் 9. மாலை வந்ததும் அரைத்த தேங்காய் அரைக் கிண்ணம் சேர்த்து ஹையில் 30 நிமிடம். தேங்காய்ப்பாலோ தயிரோ காலையிலேயே ஊற்றினால் திரிந்து திட்டுத் திட்டாக நிற்கும். நீர்க்க இருந்தால் குழம்பை மட்டும் வாணலியில் ஊற்றிப் பத்து நிமிடம் சுண்டவிடுங்கள். மூடியைத் திறந்துவைத்து உள்ளேயே வற்றவைக்கப் பார்ப்பது வீண். 200 வாட்டுக்கு அவ்வளவு திராணி கிடையாது. கறிவேப்பிலைத் தாளிப்பும் கொத்தமல்லியும் கடைசியில் போட்டால்தான் உயிர் வரும்.

நடுவில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வரும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சேர்ந்திருந்த சூடு போய்விடும், 15 முதல் 20 நிமிடம் கூடுதலாக வேகவைக்க வேண்டும். கிளறவும் தேவையில்லை.

இனி ராஜ்மா. உங்களிடம் சொன்னவர் சொன்னது புரளி இல்லை. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சுப்புரதம் ஒன்று நிறைய இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் அது அழிந்துவிடும். ஆனால் 80 டிகிரி அளவிலேயே நின்றுவிட்டால் அழியாது, வீரியம் கூடவும் செய்யலாம். லோவில் மெல்லச் சூடேறும் ஸ்லோ குக்கர் பல மணி நேரம் அந்த அளவிலேயே கிடக்கலாம். பச்சையாக நாலைந்து கொட்டை சாப்பிட்டாலே ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும், ஆனால் யாரும் பட்டுப் பார்க்க வேண்டியதில்லை. 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குமிழ் பொங்கக் குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவைத்த பிறகுதான் ஸ்லோ குக்கருக்குள் போக வேண்டும். அமெரிக்க உணவுத்துறை 30 நிமிடம் என்கிறது. நேரம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, பயமில்லை. உங்களிடம்தான் பிரஷர் குக்கர் இருக்கிறதே, 120 டிகிரியில் பிரச்சினையே முடிந்துவிடும். ராஜ்மாவை அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ராஜ்மா, மொச்சை, காராமணிக்கும் பத்து நிமிடக் கொதி கொடுத்துவிடுவது நல்ல பழக்கம்.

கொண்டைக்கடலைக்கு இந்தத் தொல்லை இல்லை. 250 கிராம் கடலையை இரவு ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் லோவில் 8 மணி நேரம் வைத்தால் விரலால் நசுக்கினால் மசியும். ஆனால் லண்டன் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள கால்சியம் கடலையின் தோலை இறுக்கிவிடும், 10 மணி நேரம் ஆனாலும் நடுவில் கல்லாக நிற்கும். ஊறவைக்கும் தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டு, மறுநாள் கழுவிவிட்டு வேகவைத்தால் சரியாகும். கிளாஸ்கோவில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே தண்ணீர் மென்மை. புளியும் தக்காளியும் இதே மாதிரிப் பருப்பை வேகவிடாது. சன்னா மசாலாவோ கொள்ளுக் குழம்போ எதுவானாலும் கடலை வெந்த பிறகுதான் புளிப்பு.

ஆள் இல்லாதபோது ஓடவிடலாமா என்பதற்கு: அதற்காகவே செய்யப்பட்ட சாதனம் இது, தயாரிப்பாளர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேலே அலமாரி இடிக்காத இடத்தில், சூடு தாங்கும் தட்டின் மேல் வையுங்கள். வெளிக்கூடு நன்றாகவே சுடும். குவார்ட்ஸ் மேடை, மர மேடை இரண்டும் தினமும் 8 மணி நேரச் சூட்டை விரும்பாது. பிளக் நேராகச் சுவரில் இருக்கட்டும், எக்ஸ்டென்ஷன் வேண்டாம். ஃபிரீசரிலிருந்து எடுத்த கறியைக் கட்டியாகப் போடக்கூடாது, அதன் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கும். முந்தைய நாளே ஃபிரிட்ஜில் இறக்கி உருகவிடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பீங்கான் பாத்திரத்தை நேராகச் சூடான கூட்டுக்குள் வைத்தால் விரிசல் நிச்சயம். திரும்பி வரும்போது கடிகாரம் கண் சிமிட்டிக்கொண்டு, குக்கர் அணைந்து கிடந்தால், எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது. மணம் நன்றாகவே இருந்தாலும் கொட்டிவிடுங்கள். மீந்ததை அகலமான டப்பாவில் மாற்றி ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடியுங்கள். மறுபடி சூடாக்குவது அடுப்பில், ஆவி பறக்க. ஸ்லோ குக்கரில் சூடாக்கினால் அதே வெதுவெதுப்புக்குள் மறுபடி இறக்குகிறீர்கள்.

விளம்பரங்களில் சொல்வதில் சிலவற்றைச் சந்தேகத்தோடு பாருங்கள். மெதுவாகச் சமைத்தால் சத்து முழுக்கத் தங்கும் என்பது அதில் ஒன்று. வைட்டமின் சி சூட்டிலும் நேரத்திலும் குறைவது உறுதி. தண்ணீரில் கரையும் மற்றச் சத்துகள் குழம்பிலேயே நிற்பதால் குழம்போடு சாப்பிட்டால் வீணாகாது என்பதும் உறுதி. அதைத் தாண்டி, பிரஷர் குக்கரைவிட இது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. எலும்பு சூப் மூட்டுவலிக்கு மருந்து என்பதும் அப்படித்தான். சூப்பில் ஜெலட்டின் இருக்கிறது, ஆறினால் அல்வா மாதிரி இறுகும், குளிரில் குடிக்க இதமாக இருக்கும். அது நேராக மூட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பது நம்பிக்கை. பீங்கான் பூச்சில் ஈயம் கலந்திருக்குமோ என்ற பயம் முற்றிலும் ஆதாரமில்லாதது அல்ல. சமையல் பீங்கானிலிருந்து கசியக்கூடிய ஈயத்துக்கு ஐரோப்பிய விதி லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. முறையான கடையில் வாங்கியதற்கு நான் கவலைப்படமாட்டேன். பூச்சு வெடித்து வலை வலையாகக் கோடு விழுந்த பழைய பாத்திரத்தில் மட்டும் புளிக்குழம்பு வைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்த குக்கர் எவ்வளவு சூடேறும் என்பதை யாராலும் இங்கிருந்து சொல்ல முடியாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும். புதிதோ பழையதோ, முதலில் பாதியளவு குழாய்த் தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் 8 மணி நேரம் விட்டு, மூடியைத் தூக்கிய உடனே சமையல் தெர்மாமீட்டரை விடுங்கள். தாமதித்தால் அளவு மளமளவென்று இறங்கிவிடும். 85 முதல் 93 டிகிரி இருந்தால் சரியான குக்கர். 85-க்குக் கீழே என்றால் கறிக்கு அது ஆகாது, திருப்பிக் கொடுங்கள். 93-க்கு மேலே என்றால் செய்முறையில் சொல்லும் நேரத்தில் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். வார்மிலும் ஒரு தடவை அளந்து பார்ப்பது நல்லது, 63-க்குக் கீழே போகக்கூடாது. முதல் கறிக்குழம்பு சனிக்கிழமையாக இருக்கட்டும். ஆறாவது மணியில் ஒரு துண்டை எடுத்துக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள், ஏழாவதில் இன்னொன்று. எலும்பிலிருந்து கறி எப்போது கழல்கிறதோ அந்த மணியைக் குக்கரின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், திங்கட்கிழமை காலை எத்தனை மணி நேரம் வைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.